மாலையானால் பட்டியலில் வைஃபையே இல்லை: மேசைக் கணினி, நக அளவு யூஎஸ்பி அடாப்டர்

உப்புவெளி டீச்சர் | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். எங்கள் வீட்டு மேசைக் கணினியில் வைஃபை வசதி உள்ளே இல்லை. டவுனில் ஒரு கடையில் நகம் அளவு யூஎஸ்பி அடாப்டர் ஒன்று வாங்கிப் பின்பக்கம் கொளுவியிருக்கிறோம். ரவுட்டர் கீழே முன் ஹோலில். கணினி மேலே பின் அறையில். இடையில் கொங்கிரீட் தட்டு.

காலையில் ஒரு குறையும் இல்லை. பின்னேரம் மகன் உயர்தர வகுப்புக்கு உட்கார்ந்த பிறகுதான் கரைச்சல். சேர் கதைப்பது விட்டு விட்டுக் கேட்கும், படம் உறைந்து நிற்கும், கொஞ்ச நேரத்தில் எங்கள் வைஃபையின் பெயரே பட்டியலில் இருக்காது. அதே மேசையில் என் போனை வைத்தால் சிக்னல் நிறைய நிற்கிறது. கடையில் கேட்டேன், விண்டோஸைத் திரும்பப் போட வேண்டுமாம். இருப்பது விண்டோஸ் 10. மகனின் குறிப்புகள் எல்லாம் அதற்குள் இருப்பதால் எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி உண்டா?

சீனக்குடா_77 | செவ்வாய், இரவு 10.05

டீச்சர், விண்டோஸில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். இதில் மூன்று விதமான கோளாறு இருக்கலாம். கணினிக்கு அடாப்டரே தெரியாமல் போகலாம். அடாப்டர் தெரிந்தும் அதற்கு ரவுட்டரின் அலை எட்டாமல் இருக்கலாம். இரண்டும் சரியாக இருந்தும் ரவுட்டர் கணினிக்கு ஐபி முகவரி (வலையமைப்பில் அதன் இலக்கம்) கொடுக்காமல் விடலாம். எதென்று பார்க்காமல் வைத்தியம் பண்ணினால் காசுதான் போகும்.

அடுத்த முறை அறுந்தவுடன் எதையும் கழற்றாமல், ரீஸ்டார்ட் பண்ணாமல், ஸ்டார்ட் பட்டனில் வலது சொடுக்கு அடித்து டிவைஸ் மேனேஜரைத் திறவுங்கள். நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற தலைப்பின் கீழ் உங்கள் அடாப்டரின் பெயர் இருக்கிறதா? பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் உண்டா? உண்டென்றால் பெயரை இரட்டைச் சொடுக்கினால் ஒரு கோட் இலக்கம் காட்டும். 10 என்றால் கருவி தொடங்க முடியவில்லை. 28 என்றால் ட்ரைவர், அதாவது கருவியை இயக்கும் மென்பொருள், இல்லை. 22 என்றால் யாரோ டிசேபிள் பண்ணியிருக்கிறார்கள். 43 என்றால் கருவி தானே கோளாறு என்று சொல்லி விண்டோஸ் அதை நிறுத்தி வைத்திருக்கிறது.

அப்புறம் வைஃபை பட்டியலைத் திறந்து பக்கத்து வீட்டுப் பெயர்கள் வருகின்றனவா என்று பாருங்கள். என்னைக் கேட்டால் கோட் இலக்கத்தை விட இதுதான் முக்கியம்.

மட்கோ மச்சான் | செவ்வாய், இரவு 10.20

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பார்மட் அடித்து 11ஐப் போட்டால் எல்லாம் சரியாகும்.

சீனக்குடா_77 | செவ்வாய், இரவு 10.31

ஆதரவு முடிந்தது உண்மைதான், அது பாதுகாப்பு அப்டேட் பற்றிய கதை. காலையில் வேலை செய்து பின்னேரம் படுத்துவிடும் அடாப்டருக்கும் அதற்கும் என்ன தொடர்பு மச்சான்? விண்டோஸுக்கு நேரம் பார்த்து நோய் வருவதில்லை. டீச்சரின் கணினி பழையதென்றால் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி அதில் இருக்குமோ தெரியாது. அதை வேறு இழையில் கதைப்போம்.

மூதூர்க் கரை | புதன், காலை 6.50

உப்புவெளி என்றால் கடல் பக்கத்தில்தானே. நான் முதலில் சந்தேகப்படுவது உப்புக்காற்றைத்தான். எங்கள் பக்கம் தகரம், பூட்டு, சைக்கிள் செயின் எதுவும் தப்புவதில்லை, யூஎஸ்பி மட்டும் தப்புமா? உப்பு படிந்த இடம் மாரி காலத்தில் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதிலிருந்துதான் அரிப்புத் தொடங்கும்.

கணினியை நிறுத்தி, வயரையும் கழற்றிவிட்டு அடாப்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே பொன்நிறத்தில் நான்கு கோடு தெரியும். ஓரத்து இரண்டும் கரண்டுக்கு, நடு இரண்டும் டேட்டாவுக்கு. கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, ஐசோப்ரோப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். அழிறப்பர் தூள் போர்ட்டுக்குள் விழக்கூடாது. மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கூட இருக்கும், அதைப் பாவித்தால் நன்றாகக் காயவிட்ட பிறகே கொளுவுங்கள்.

இன்னொன்று. முன்பக்க யூஎஸ்பி போர்ட்கள் பெட்டிக்குள்ளே மெல்லிய வயரால் மதர்போர்டுக்குப் போகின்றன. அந்த வயர் தளர்ந்தாலும் அடாப்டர் வந்து வந்து போகும். டீச்சர் பின்பக்கம் கொளுவியது நல்லது.

உப்புவெளி டீச்சர் | புதன், இரவு 8.55

எல்லோருக்கும் நன்றி. இன்று பின்னேரம் அறுந்தவுடன் சொன்னபடி பார்த்தேன்.

டிவைஸ் மேனேஜரில் அடாப்டர் இருக்கிறது. முக்கோணம் இல்லை. "இந்தக் கருவி ஒழுங்காக இயங்குகிறது" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் பட்டியலில் ஒரு பெயரும் இல்லை. காலையில் பார்த்தபோது பக்கத்து வளவு, அதற்கடுத்த வீடு, முன்னால் இருக்கும் கெஸ்ட் ஹவுஸ் என்று நிறைய வந்தன. இரவில் அவர்களும் காணாமல் போகிறார்கள்.

மூதூர்த் தம்பி சொன்னபடி கழற்றியும் பார்த்தேன். நான்கு கோடும் பளபளவென்று இருக்கின்றன, வாங்கி அதிக காலம் ஆகவில்லை.

இரவில் அந்த அறையில் ஓடுவது டியூப்லைட், ஃபேன், பிரிண்டர், பிறகு மகன் பழைய வகுப்புப் பதிவுகளைப் பார்க்கக் கொளுவும் வெளி ஹார்ட் டிஸ்க். அவ்வளவுதான். அடாப்டரின் பெட்டியில் 150 எம்பிபிஎஸ், 802.11என் என்று போட்டிருக்கிறது.

கிண்ணியா நானா | புதன், இரவு 9.15

டீச்சர், அந்த ஹார்ட் டிஸ்க் எந்தப் போர்ட்டில் கொளுவியிருக்கிறது? உள்ளே நீல நிறமா? அடாப்டர் அதற்கு எவ்வளவு பக்கத்தில்?

உப்புவெளி டீச்சர் | புதன், இரவு 9.22

பின்னால் நீல நிறத்தில் இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று. மேலே ஹார்ட் டிஸ்க், கீழே அடாப்டர். ஏன் நானா?

கிண்ணியா நானா | புதன், இரவு 9.48

அதுதான் ஆள்.

நீலப் போர்ட் என்றால் பெரும்பாலும் யூஎஸ்பி 3.0. வினாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் டேட்டா ஓடும்போது வயரும் செருகியும் அகலமான ஒரு ரேடியோ இரைச்சலைக் கக்கும். அதில் ஒரு பங்கு சரியாக 2.4 கிகாஹேர்ட்ஸில் போய் விழுகிறது. உங்கள் அடாப்டர் கேட்பதும் அங்கேதான். இது என் கற்பனை இல்லை. இன்டெல் 2012இல் இதைப் பற்றியே ஓர் அறிக்கை போட்டது. யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கொளுவியதும் 2.4 கிகாஹேர்ட்ஸில் இரைச்சல் மட்டம் கிட்டத்தட்ட 20 டெசிபெல் ஏறியதாக அதில் காட்டியிருக்கிறார்கள். 20 டெசிபெல் என்றால் சக்தியில் 100 மடங்கு.

கல்யாண வீட்டில் லவுட் ஸ்பீக்கருக்குக் கீழே கதிரை போட்டு உட்கார்ந்தவரிடம் வாசலில் நிற்கிறவர் கதைப்பது போலத்தான் உங்கள் அடாப்டரின் நிலைமை. கீழ் ஹோலில் இருந்து தட்டைத் தாண்டி வரும் சிக்னல் ஏற்கெனவே மெலிந்தது. நக அளவு அடாப்டருக்குள் இருக்கும் அன்டெனாவும் பேருக்குத்தான். கருவி பழுதில்லை, அதனால்தான் டிவைஸ் மேனேஜர் ஒழுங்காக இயங்குகிறது என்கிறது. அது பொய் சொல்லவில்லை, இரைச்சலில் ஒருவர் குரலும் அதற்குக் கேட்கவில்லை.

காசு செலவழிக்காமல் சோதிக்கலாம். பட்டியல் வெறுமையாக இருக்கும்போது ஹார்ட் டிஸ்கை முறைப்படி எஜெக்ட் பண்ணி, வயரையும் போர்ட்டிலிருந்து கழற்றிவிட்டுப் பட்டியலைப் பாருங்கள். அரை நிமிடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் திரும்ப வந்தால் வழக்கு முடிந்தது.

ஓர்ஸ்ஹில் | புதன், இரவு 10.02

நானா சொல்வது பொருந்துகிறது. ஆனால் நேரத்தையும் யோசியுங்கள். இரவில் எல்லா வீட்டிலும் வைஃபை ஓடுகிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ்களில் மாடிக்கொரு அக்சஸ் பொயின்ட் வைத்திருக்கிறார்கள். 2.4இல் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பவை 1, 6, 11 என்ற மூன்று சனல்தான். ரவுட்டர் தானாகத் தெரிவு செய்வதை விட்டுவிட்டு, போனில் ஒரு வைஃபை அனலைசர் செயலியைப் போட்டு எது குறைவான நெரிசல் என்று பார்த்து அதில் நிறுத்துங்கள். அகலம் 20 மெகாஹேர்ட்ஸ் போதும்.

12, 13ஆம் சனல் பக்கம் போக வேண்டாம். அமெரிக்கச் சந்தைக்கான அமைப்போடு வரும் அடாப்டர்களுக்கு அந்த இரண்டும் கண்ணிலேயே படாது. போனில் தெரியும், கணினியில் தெரியாது, மனிதருக்குப் பைத்தியம் பிடிக்கும்.

சீனக்குடா_77 | புதன், இரவு 10.10

நெரிசல் என்றால் வேகம் குறையும், ஆனால் பெயர்கள் எல்லாம் பட்டியலில் நிறைந்திருக்கும். இங்கே பட்டியலே வெறுமை. நான் நானா பக்கம்.

டீச்சர், உங்கள் போனில் வைஃபை விவரத்தைத் திறந்தால் அலைவரிசை 2.4ஆ 5ஆ என்று காட்டும். பார்த்துச் சொல்லுங்கள்.

உப்புவெளி டீச்சர் | வியாழன், இரவு 8.30

நானா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி மகனும் நானும் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. எங்களுடையது முதலில். திரும்பக் கொளுவிப் பெரிய ஃபைல் ஒன்றைக் கொப்பி பண்ணத் தொடங்கினோம், பட்டியல் சுருங்கிப் போனது. மகன் விளையாட்டுப் போல அதைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறான்.

போன் 5 கிகாஹேர்ட்ஸில் இருக்கிறது. ரவுட்டரில் இரண்டுக்கும் ஒரே பெயர்.

இப்போது என்ன வாங்க வேண்டும்?

கிண்ணியா நானா | வியாழன், இரவு 8.52

பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு மீற்றர் அளவில் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று. அடாப்டரை உள்ளே கறுப்பாக இருக்கும் யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றுங்கள். வயரின் மறு முனையில் அடாப்டரைப் போட்டு, மேசைக்கு மேலே, இரும்பு அலுமாரிக்குப் பின்னால் மறையாதபடி வையுங்கள். ஹார்ட் டிஸ்கின் வயர் அதன் மேல் படக்கூடாது. படிக்கட்டுப் பக்கமாகத் திருப்பினால் இன்னும் நல்லது, தட்டை ஊடுருவுவதை விடத் திறந்த படிக்கட்டால் அலை வருவது எளிது.

பின்பக்கத்தில் இருக்கும் அடாப்டருக்கு இரைச்சல் மட்டுமா பிரச்சினை? கணினியின் இரும்புப் பெட்டி முழுவதும் அதற்கும் ரவுட்டருக்கும் நடுவே நிற்கிறது. வயர் போட்டு வெளியே எடுத்தால் இரண்டும் தீரும்.

சீனக்குடா_77 | வியாழன், இரவு 9.05

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து. போன் அதே மேசையில் 5இல் நன்றாக ஓடுகிறது. அப்படியென்றால் இரண்டு அலைவரிசையும் எடுக்கும் அடாப்டர் ஒன்றை வாங்கினால் யூஎஸ்பி 3 இரைச்சலும் இல்லை, கெஸ்ட் ஹவுஸ் நெரிசலும் இல்லை. 5 கிகாஹேர்ட்ஸ் கொங்கிரீட்டில் 2.4ஐ விட அதிகமாக அடிபடும் என்பது உண்மை. இவர் வீட்டில் எட்டுகிறதே.

கிண்ணியா நானா | வியாழன், இரவு 9.11

வாங்கலாம், பிழையில்லை. முதலில் வயரைப் போட்டுப் பார்க்கட்டும். சரிவராவிட்டால் பெரிய செலவு.

பாலையூற்றுப் பெடியன் | வியாழன், இரவு 9.30

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே பிரச்சினை. வைஃபை கனெக்ட் ஆகிறது, ஆனால் இன்டர்நெட் இல்லை. முகவரி 169.254 என்று தொடங்குகிறது. நானும் எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கவா?

ஓர்ஸ்ஹில் | வியாழன், இரவு 9.37

தம்பி, வாங்க வேண்டாம், உங்களுடையது வேறு நோய். 169.254 என்பது ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காதபோது விண்டோஸ் தானே போட்டுக்கொள்ளும் முகவரி. வீட்டில் மற்றக் கருவிகள் ஓடுகின்றனவா என்று முதலில் பாருங்கள். எதுவும் ஓடவில்லை என்றால் ரவுட்டரை நிறுத்திப் போடுங்கள். உங்கள் கணினி மட்டும்தான் என்றால் அந்த வைஃபையை ஃபொர்கெட் பண்ணி, பாஸ்வேர்டைத் திரும்ப அடியுங்கள். யாராவது ஐபி முகவரியைக் கையால் போட்டு வைத்திருந்தால் அதைத் தானியங்கிக்கு மாற்றுங்கள். கடைசியாகத்தான் செட்டிங்ஸில் இருக்கும் நெட்வொர்க் ரீசெட். அது சேமித்த பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் அழித்துவிடும், முதலில் எழுதி வையுங்கள்.

மட்கோ மச்சான் | வியாழன், இரவு 10.00

எல்லோரும் அலை அலை என்று கதைக்கிறீர்கள். ஒரு லேன் வயரை இழுத்தால் தலையிடி முடிந்ததே. கட்5ஈ வயர் 100 மீற்றர் வரை போகும்.

மூதூர்க் கரை | வெள்ளி, காலை 7.05

இந்த ஒரு விஷயத்தில் மச்சான் சொல்வது சரி. ஒரே இடத்தில் இருக்கும் கணினிக்கு வயரைப் போல வராது. ஆனால் எங்கள் ஊரில் வீட்டுக்கு வெளியே சுவரோடு இழுக்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். மாரிக்கு முந்திய மாதங்களில் இங்கே பின்னேரத்து இடி எப்படி என்று தெரியும்தானே. எங்கள் வீட்டில் மேல் அறைக்கு வெளியால் லேன் வயர் போட்டிருந்தோம். பக்கத்து வளவுத் தென்னையில் இடி விழுந்த அன்று ரவுட்டரில் அந்த வயர் கொளுவியிருந்த போர்ட்டும் கணினியின் லேன் போர்ட்டும் செத்தன. ரவுட்டரின் வைஃபை மட்டும் இன்றுவரை ஓடுகிறது. செம்புக் கம்பி இணையத்தை மட்டும் கொண்டுவரும் என்று இல்லை. இழுப்பதென்றால் வீட்டுக்குள்ளால், கரண்ட் வயரோடு ஒட்டாமல் இழுங்கள். இடி கேட்டால் இரு முனையையும் கழற்றிவிடுங்கள்.

உப்புவெளி டீச்சர் | சனி, பின்னேரம் 4.15

வயர் போட்டாயிற்று. அடாப்டர் இப்போது ஜன்னல் நிலையில், படிக்கட்டைப் பார்த்தபடி. நேற்று வகுப்பு முழுவதும் ஹார்ட் டிஸ்க் கொளுவியபடியே நடந்தது, ஒரு தடவையும் அறுபடவில்லை. சனலையும் 11இலிருந்து 1க்கு மாற்றினேன், அதனால் என்ன கூடியது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு சின்னக் குறை. கணினி ஸ்லீப்புக்குப் போய்த் திரும்பி வந்தால் அடாப்டரே காணவில்லை. இந்த முறை டிவைஸ் மேனேஜரிலும் பெயர் இல்லை. கழற்றிக் கொளுவினால் "டுடுங்" என்ற சத்தத்தோடு வருகிறது.

சீனக்குடா_77 | சனி, மாலை 5.40

இது நான் முதலில் சொன்ன முதலாவது வகை, கணினிக்கே அடாப்டர் தெரியாமல் போவது. பெரும்பாலும் கரண்டை மிச்சம் பிடிக்கும் அமைப்பின் வேலை. டிவைஸ் மேனேஜரில் அடாப்டரை இரட்டைச் சொடுக்கி, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், இந்தக் கருவியை நிறுத்தக் கணினிக்கு அனுமதி கொடுக்கும் பெட்டியின் சரி அடையாளத்தை எடுங்கள். பிறகு கன்ட்ரோல் பேனலில் பவர் ஒப்ஷன்ஸ், அதில் உங்கள் திட்டத்தின் மேம்பட்ட அமைப்புகள், யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை டிசேபிள் பண்ணுங்கள். மேசைக் கணினிக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை.

இரண்டையும் மாற்றிய பிறகு ஷட் டவுன் கொடுக்காமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் ஷட் டவுன் முழுவதாக நிறுத்தாது, ட்ரைவர்களின் பழைய நிலையைச் சேமித்து வைத்து அதையே திரும்ப எழுப்பும். "நிறுத்திப் போட்டேன், சரிவரவில்லை" என்பவர்களில் பாதிப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள்.

பாலையூற்றுப் பெடியன் | சனி, இரவு 7.20

ஓர்ஸ்ஹில் அண்ணா, ஐபி முகவரி தானியங்கியில்தான் இருந்தது. ஃபொர்கெட் பண்ணித் திரும்ப அடித்ததும் 192.168 என்று வந்து நெட் ஓடுகிறது. ரவுட்டர் பாஸ்வேர்டை அக்கா மாற்றியிருந்தாவாம், எனக்குச் சொல்லவில்லை.

ஓர்ஸ்ஹில் | சனி, இரவு 7.28

பாஸ்வேர்ட் பிழை என்றால் கனெக்டே ஆகாதே தம்பி. பரவாயில்லை, ஓடினால் சரி. அக்காவிடம் வேறு என்ன மாற்றினா என்று கேட்டு வையுங்கள்.

உப்புவெளி டீச்சர் | ஞாயிறு, காலை 10.10

ஸ்லீப் கோளாறும் தீர்ந்தது. இரவு முழுக்க ஸ்லீப்பில் விட்டு இன்று காலை எழுப்பினேன், உடனே கனெக்ட் ஆனது.

என் தங்கை தம்பலகாமத்தில் இருக்கிறா, அவவும் மேசைக் கணினிக்கு ஒன்று வாங்கப் போகிறா. பெட்டியில் எதைப் பார்க்கச் சொல்ல?

கிண்ணியா நானா | ஞாயிறு, காலை 11.30

ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸ் கொடுக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கொடுத்தால் 802.11ஏசி அல்லது ஏஎக்ஸ் என்று போட்ட அடாப்டர். வெறும் என், அதுவும் 150 என்றால் 2.4 மட்டும்தான். வெளியே நீட்டிய அன்டெனா உள்ளது நக அளவை விட நல்லது, பார்க்க வடிவில்லை என்று தங்கை சொல்லக்கூடும். கணினிப் பெட்டியைத் திறக்க ஆள் இருந்தால் உள்ளே போடும் பிசிஐஈ கார்ட் எல்லாவற்றையும் விடச் சிறந்தது.

சில அடாப்டர்களைக் கொளுவியதும் கணினி அதை சிடி ட்ரைவ் என்று காட்டும். பயப்பட வேண்டாம், ட்ரைவர் அதற்குள்ளேயே இருக்கிறது. அதை நிறுவிய பிறகு வைஃபையாக மாறிக்கொள்ளும். லினக்ஸ் பாவிப்பவராக இருந்தால் மட்டும் உள்ளே எந்தச் சிப் என்று கேட்டு வாங்க வேண்டும், பெட்டியின் மேலிருக்கும் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சிப் மாறி வரும்.

அப்புறம் முடிந்தால் கணினியின் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகச் சொல்லுங்கள். எத்தனை கறுப்புப் போர்ட் மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால் எக்ஸ்டென்ஷன் வயரும் சேர்த்து வாங்குவதா என்று அங்கேயே தீர்மானிக்கலாம்.